ஒரு விரல் அகல நாடா

இந்திய ராணுவத்தில் மேஜரின் தோளில் இருப்பது ஒற்றைச் சிங்க முத்திரை, நம் நாணயத்தில் உள்ள அதே அசோகச் சின்னம். சுபேதார் மேஜரின் தோளிலும் அதே சிங்க முத்திரைதான். லெப்டினன்டுக்கு இரண்டு நட்சத்திரம், சுபேதாருக்கும் இரண்டு நட்சத்திரம். இவர்களைப் பிரித்துக் காட்டுவது தோள்பட்டையில் குறுக்கே ஓடும், சிவப்பும் மஞ்சளுமான, ஒரு விரல் அகலம்கூட வராத நாடா. நாடா இல்லாவிட்டால் குடியரசுத் தலைவரின் முழு ஆணை பெற்ற அதிகாரி; இருந்தால் ஜேசிஓ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இளநிலை ஆணை அதிகாரி. இரு தரப்புக்கும் இடையே சம்பளம், உணவுக்கூடம், ரயில் வகுப்பு, வீட்டின் அளவு எல்லாம் மாறுகின்றன. கடையில் வாங்கினால் அந்த நாடாவின் விலை ஒரு டீக்காசைத் தாண்டாது.

தில்லி ஆர்.கே.புரத்தில் இந்த நாடாவைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. தமிழர்களுக்கு ஆர்.கே.புரம் என்றால் ஐந்தாம் செக்டரில் தில்லித் தமிழ்ச் சங்கம், ஏழாம் செக்டரில் மலை மந்திர், பிள்ளைகளைச் சேர்க்கத் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கோ ஆர்.கே.புரம் என்றால் வெஸ்ட் பிளாக். பிகாஜி காமா பிளேஸ் பக்கம் வரிசையாக நிற்கும் அந்தப் பழுப்பேறிய அரசுக் கட்டடங்களில் நான்காம் பிளாக்கில்தான் கேந்திரிய சைனிக் போர்டு இயங்குகிறது. முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களது விதவைகளுக்கும் உதவித்தொகை வழங்குவது அதன் வேலை. ஓய்வு பெறுபவர்களுக்கு மறுவேலைக்கு வழிசெய்யும் மறுவாழ்வுத் தலைமை இயக்ககமும், அதாவது டிஜிஆரும், அதே பிளாக்கில்தான் இருக்கிறது. சீருடையைக் கழற்றியவர் காகிதக் கட்டுடன் வந்து சேரும் இடம் இது. தோளில் இருந்த சின்னம் இங்கே செல்லாது. டிஸ்சார்ஜ் புத்தகமும் அதில் எழுதப்பட்ட பதவிப் பெயரும்தான் பேசும்.

பிற நாட்டுப் படைகளில் வாரண்ட் அதிகாரி என்று அழைக்கப்படுபவருக்கும் நம் ஜேசிஓவுக்கும் வேலையில் நெருங்கிய உறவு உண்டு, சட்டத்தில் இல்லை. பிரிட்டிஷ் படையில் ரெஜிமென்டல் சார்ஜென்ட் மேஜர் முதல் வகுப்பு வாரண்ட் அதிகாரி. கைமுட்டிக்குக் கீழே அரச முத்திரை அணிவார். சிப்பாய்கள் அவரை ‘சர்’ என்பார்கள், அதிகாரிகள் ‘மிஸ்டர்’ என்று பெயர் சொல்லி அழைப்பார்கள். அமெரிக்கத் தரைப்படை 1966-லும் பிரிட்டிஷ் தரைப்படை 2015-லும் படை முழுமைக்குமாக ஒரே ஒரு மூத்த சார்ஜென்ட் மேஜர் பதவியை உருவாக்கின. நம் விமானப்படையில் ஜூனியர் வாரண்ட் அதிகாரி, வாரண்ட் அதிகாரி, மாஸ்டர் வாரண்ட் அதிகாரி என்று மூன்று படிகள் உண்டு. கடற்படையில் மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர்கள் உண்டு. தரைப்படையில் மட்டும் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று முகலாயர் காலத்து வாசனையுடன் பெயர்கள் நிலைத்துவிட்டன. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் ‘அதிகாரி’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் ஜேசிஓவையும் வாரண்ட் அதிகாரியையும் தனித்தனியே சொல்லி, இருவரையும் வெளியே நிறுத்துகிறது. ஆணை பெற்றவர், ஆனால் அதிகாரி அல்லர். இந்த விசித்திரம் எங்கிருந்து வந்தது?

வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இந்தியர்களே சிப்பாய்ப் பிரிவுகளை நடத்திச் சென்றார்கள். சுபேதாராகத் தொடங்கி, சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட்டாக உயர்ந்த யூசுப் கான் என்ற மருதநாயகம் அந்த ஏற்பாட்டின் உச்சம். அவரைத் தூக்கிலிட்டது 1764-இல், மதுரையில். அதன் பிறகு நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பிய அதிகாரிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போக, சுபேதார் கட்டளையிடுபவர் என்ற நிலையில் இருந்து கட்டளையை மொழிபெயர்த்துக் கடத்துபவர் என்ற நிலைக்கு இறங்கினார். மருதநாயகம் போல் இன்னொருவர் உருவாகிவிடக் கூடாது என்ற அச்சமும் இதில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். 1806-இல் வேலூர்க் கோட்டையில் நெற்றிக்குறியையும் காதணியையும் நீக்கச் சொல்லி, தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணியச் சொன்னபோது படை வெடித்தது. அதன் முன்னணியில் நின்றவர்களில் ஜமேதார் ஷேக் காசிமும் ஒருவர். சிப்பாயின் தலையில் எது இருக்கலாம் என்பது வெறும் அலங்கார விஷயம் அல்ல என்பதைக் கம்பெனி ரத்தம் சிந்திக் கற்றுக்கொண்டது.

பிறகு 1837-இல் ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா என்ற விருதை ஏற்படுத்தி, அதன் முதல் வகுப்புக்கு ‘சர்தார் பகதூர்’ பட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மரியாதை உண்டு, அதிகாரம் இல்லை. வைஸ்ராயின் ஆணை பெற்ற சுபேதார் மேஜர் முப்பது ஆண்டு சேவை செய்திருந்தாலும், நேற்று கப்பலில் இறங்கிய இருபது வயது ஆங்கிலேய லெப்டினன்டுக்குக் கீழ்தான். பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவனுக்குக்கூட அவர் உத்தரவிட முடியாது. 1923-இல் எட்டுப் படைப்பிரிவுகளை இந்தியமயமாக்கத் தேர்ந்தெடுத்தார்கள். இந்திய இளைஞர்கள் முழு அதிகாரிகளாக வந்துவிட்டால் இந்த இடைப்பட்ட அடுக்கு தேவையில்லை என்ற எண்ணமும் கூடவே வந்தது. அந்தப் பிரிவுகளில் வைஸ்ராய் ஆணை அதிகாரிகளைப் படிப்படியாக ஒழிக்கவும் முயன்றார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் முயற்சி கைவிடப்பட்டது. சிப்பாயின் ஊரும் மொழியும் வீட்டு விவகாரமும் தெரிந்த ஆள் நடுவில் இல்லாமல் படை நகராது என்பதைப் போர்க்களம் காட்டியது. விடுதலைக்குப் பின் பெயர் ஜேசிஓ என்று ஆனது. 1950-இல் குடியரசானதும் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. 1965-இல் ஜமேதார் நாயப் சுபேதார் ஆனார். நாடா மட்டும் போகவில்லை.

இன்று ஏறக்குறைய எண்ணூறு பேர் கொண்ட ஒரு காலாட்படை பட்டாலியனில் சுபேதார் மேஜர் ஒருவர்தான். ‘எஸ்.எம். சாப்’ என்றால் முகாமில் எல்லோரும் நிமிர்வார்கள். கர்னலே அவரை ‘சாஹிப்’ சேர்த்துத்தான் அழைப்பார். தளபதி இரண்டு, மூன்று ஆண்டுகளில் மாறிவிடுவார். இளம் அதிகாரிகள் பயிற்சிக்கும் வேறு பணிக்கும் போய்வருவார்கள். எஸ்.எம். அதே பட்டாலியனில் சிப்பாயாகச் சேர்ந்து, நாயக், ஹவில்தார் என்று ஒவ்வொரு படியாக ஏறி, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கேயே கழித்தவர். எந்தச் சிப்பாயின் வீட்டில் நிலத் தகராறு, யாருக்கு இந்த மாதம் விடுமுறை தராவிட்டால் தங்கை கல்யாணம் நின்றுபோகும், எந்தக் கம்பெனியில் சமையலைப் பற்றி முணுமுணுப்பு, யார் இரவில் தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். படையினர் கூடும் சைனிக் சம்மேளனத்தில் தளபதி பேசுவார். அங்கே எந்தக் கேள்வி எழும் என்பதை முந்தைய நாளே அவரிடம் சொல்லி வைத்திருப்பவர் எஸ்.எம். சாப். ஒழுங்கு நடவடிக்கை என்று வரும்போது தண்டனை அதிகாரம் தளபதியுடையது. அது நியாயம் என்று எண்ணூறு பேர் ஏற்பார்களா என்பதைச் சொல்லக்கூடியவர் இவர் மட்டுமே. கோயில் பூசாரியும் குருத்வாரா கிரந்தியும் மௌல்வியும்கூடப் படையில் ஜேசிஓக்கள்தாம் என்பது வெளியே பலருக்குத் தெரியாது.

பொதுவாக நான்கு ஆண்டுகள் மட்டுமே இந்தப் பதவி. அதையும் எட்டுபவர் மிகச் சிலர். 2017-இல் மத்திய அரசு ஏற்ற பணிநிலை மறுசீரமைப்பில் மொத்தம் 1,45,137 இடங்கள் தரம் உயர்த்தப்பட்டன. அவற்றில் நாயக் இடங்கள் 64,930. சுபேதார் மேஜர் இடங்கள் 479. கூம்பு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு வேறு கணக்குத் தேவையில்லை. அதற்கும் மேலே குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் சிலருக்குக் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பதவி கிடைக்கும். அப்போதுதான் நாடா நீங்குகிறது. 1987-இல் சியாச்சினில் எதிரியின் காவல்நிலையைக் கைப்பற்றிப் பரம்வீர் சக்கரம் பெற்றபோது பானா சிங் நாயப் சுபேதார். ஓய்வு பெறும்போது கௌரவ கேப்டன். ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ரா 2016-இல் நேரடியாக நாயப் சுபேதாராகச் சேர்ந்தார். டோக்கியோ தங்கத்தின்போது ‘சுபேதார்’ என்ற சொல் நாளிதழ்த் தலைப்புகளில் இடம்பிடித்தது. 2025-இல் அவருக்குக் கிடைத்ததோ பிரதேச ராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி. ஏணியில் இத்தனை படிகளைத் தாண்ட ஒலிம்பிக் தங்கம் வேண்டியிருக்கிறது.

இப்படி முப்பது ஆண்டு உழைப்பில் எட்டும் சின்னத்தை யார் செய்கிறார்கள்? ராணுவத் தொழிற்சாலை என்றுதான் பலர் நினைப்பார்கள். உண்மையில் பதவி உயர்வு பெற்ற ஜேசிஓ தன் நட்சத்திரத்தைப் பெரும்பாலும் கன்டோன்மென்ட் தையற்கடையிலோ யூனிட் கடையிலோ தானே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார். தில்லி கன்டோன்மென்டின் கோபிநாத் பஜார் அத்தகைய கடைத்தெரு. விழாச் சீருடைக்கான கம்பிச் சரிகைப் பேட்ஜுகளைக் காசியின் லல்லாபுரா பகுதி ஜர்தோசிக் கைவினைஞர்கள் பல நாட்டுப் படைகளுக்கும் கையால் தைத்துத் தருகிறார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் சியால்கோட்டிலும் இதே தொழில் உண்டு. பணியில் இருப்பவருக்கு விற்கும் அதே கடைக்காரர், அதே அச்சில் அடித்த அதே நட்சத்திரத்தை நாடகக் குழுவுக்கும் சினிமாக் கம்பெனிக்கும் சேகரிப்பாளருக்கும் விற்க முடியும். அப்படியானால் எது அசல், எது நகல்?

பழம்பொருள் சேகரிப்பவர்களிடம் இதற்கு ஒரு பதில் இருக்கிறது, உலோகத்தைப் பற்றிய பதில். பிரிட்டிஷ் காலத்துப் பித்தளைப் பேட்ஜ் எஃகு அச்சில் அழுத்தி அடிக்கப்பட்டது. பின்பக்கம் திருப்பினால் முன்பக்க உருவத்தின் குழி தெளிவாகத் தெரியும். நகல் செய்பவர் அசலில் இருந்து வார்ப்பெடுப்பார். வார்த்த உலோகம் ஆறும்போது சற்றே சுருங்கும், விளிம்புகள் மழுங்கும், பின்புறம் அம்மைத்தழும்பு போலப் புள்ளி விழும். கிரீடம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். 1952 வரை டியூடர் கிரீடம், எலிசபெத் காலத்தில் வேறு கிரீடம். சுபேதார் மேஜரின் தோளில் எலிசபெத் காலத்துக் கிரீடத்தை வைத்து ‘இந்திய ராணுவம்’ என்று விற்றால் அது பொய் என்பது உடனே புலப்படும். பிரிட்டனில் 1950-களில் துலக்கத் தேவையில்லாத அனோடைஸ் அலுமினியம் வந்தது; அந்தப் பளபளப்பில் ‘உலகப் போர்ப் பேட்ஜ்’ இருந்தால் சந்தேகப்படலாம். ரைஃபிள் படைப்பிரிவுகளின் கறுப்பு உலோகத்தைப் பித்தளையில் செய்துவைக்கும் நகல்களும் உண்டு. எல்லாவற்றையும்விட நம்பகமான சான்று தேய்மானம். தினமும் பிராஸோ போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சிங்கத்தின் முகமே அழிந்துபோன வில்லை பெரும்பாலும் அசல். புத்தம் புதிதாகப் பற்கள் தெரியும் ‘நூறாண்டுச் சின்னம்’ பெரும்பாலும் போன மாதம் பிறந்தது.

இந்தத் திறமை எல்லாம் பழைய பொருளுக்குத்தான் உதவும். இன்று தோளில் ஏறும் நட்சத்திரத்துக்கு உலோகம் சாட்சி சொல்லாது. அசல் என்பது அதை அணிவதற்கான ஆணையில் இருக்கிறது, பதவி உயர்வைப் பதியும் பார்ட் டூ ஆர்டரில், அரசிதழில் இருக்கிறது. நம் சட்டங்களும் ஏறத்தாழ இப்படித்தான் நினைக்கின்றன, ஆனால் துண்டு துண்டாக.

1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 140-ஆம் பிரிவு, தன்னைப் படைவீரன் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்துடன் படைவீரரின் உடையையோ சின்னத்தையோ அணிபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 168-ஆம் பிரிவு. அபராதம் 2,000 ரூபாய் ஆகியிருக்கிறது. 164 ஆண்டுகளில் நான்கு மடங்கு. நோக்கம்தான் குற்றம் என்பதால் மேடையில் நடிப்பவர் மேல் இது பாயாது; பேட்ஜை விற்பவர் மேலும் பாயாது. தேசப் பாதுகாப்புக்குத் தீங்கான காரியத்துக்குச் சீருடையைப் பயன்படுத்தினால் 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் வரும். அசோகச் சிங்கத்துக்குத் தனிக் காவல் உண்டு. 2005-ஆம் ஆண்டு தேசியச் சின்னத் தவறான பயன்பாட்டுத் தடைச் சட்டம் அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. 2022 ராணுவ நாளில் அறிமுகமான புதிய போர்ச் சீருடையின் உருமறைப்பு வடிவத்தை ராணுவம் கொல்கத்தாவில் வடிவமைப்பு உரிமையாகவே பதிவு செய்தது. முதல் 50,000 தொகுதிகளைக் கேன்டீன் வழியாக 15 டிப்போக்களுக்கு அனுப்பிவிட்டு, தில்லிக் கடைகளில் போலிகளைத் தேடி ராணுவப் போலீசும் தில்லிப் போலீசும் சேர்ந்து போயின. ஆக, சிங்கத்துக்கு ஒரு சட்டம், துணியின் வண்ணத் திட்டுகளுக்கு ஒரு பதிவுரிமை. ஐந்துமுனை நட்சத்திரமும் நாடாவும் அணிபவரின் நோக்கத்தை நம்பி வெறுமனே தொங்குகின்றன.

அமெரிக்கா இந்த நோக்கக் கேள்வியில் ஒருமுறை தடுமாறியது. பெறாத பதக்கத்தைப் பெற்றதாகச் சொல்வதையே குற்றமாக்கிய 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தை, பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மறுஆண்டு வந்த புதிய சட்டம் பணமோ ஆதாயமோ பெறும் நோக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. நமக்கோ அச்சம் வேறு திசையில் இருந்து வருகிறது. 2016 ஜனவரி 2-இல் பதான்கோட் விமானத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தார்கள். சில நாளில், பொதுமக்கள் ராணுவ மாதிரி உடையை அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவம் வேண்டுகோள் விடுத்தது. 2020-இல் ராணுவம் தொடர்பான படங்களும் இணையத் தொடர்களும் பாதுகாப்பு அமைச்சகத்தின் தடையில்லாச் சான்று பெறட்டும் என்ற கடிதம் போனது. எனக்குத் தோன்றுவது, திரையில் நாடா தலைகீழாக இருந்தால் ஒரு சுபேதாரின் மனம் நோகும், அவ்வளவுதான்; கோட்டையின் வாயில் திறந்துவிடாது.

உண்மையில் நாடெங்கும் தினமும் மீறப்படும் சட்டம் வேறொன்று. தனியார் காவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005. அதன் 21-ஆம் பிரிவின்படி, தனியார் காவலர் ராணுவம் அல்லது போலீசின் சீருடையையோ, அதுபோல் தோன்றும் உடையையோ, அதன் அடையாளக் குறிகளையோ அணிந்தால் அவருக்கு மட்டுமல்ல, நிறுவன உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. இப்போது எந்தக் குடியிருப்பு வாசலிலும், வங்கி வாசலிலும், மால் வாசலிலும் நின்று பாருங்கள். தோளில் இரண்டு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம், ஏதோ ஒரு வண்ண நாடா, நெஞ்சில் விசில் கயிறு. பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் அந்த மனிதர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆளின் தகுதியை உயர்த்தாமல் தோற்றத்தை மட்டும் உயர்த்த மொத்த விலையில் வாங்கிப் போட்டது நிறுவனம்.

இதில் ஆர்.கே.புரம் மறுபடி வருகிறது. முன்னாள் அதிகாரிகள் நடத்தும், முன்னாள் படைவீரர்களைக் காவலர்களாக வைத்திருக்கும் நிறுவனங்களை அங்கீகரித்துப் பொதுத்துறை நிறுவனங்களுக்குப் பரிந்துரைப்பது வெஸ்ட் பிளாக்கில் உள்ள டிஜிஆர்தான். நேற்று வரை சட்டப்படி இரண்டு நட்சத்திரம் அணிந்த சுபேதார், ஓய்வுக்குப் பின் அங்கே மேற்பார்வையாளராகச் சேர்ந்தால், தோளில் எந்த நட்சத்திரமும் இல்லாமல்தான் நிற்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் ஒருநாள்கூடப் படையில் இல்லாத இளைஞரின் தோளில் மூன்று நட்சத்திரம். அணிந்தவர் கழற்றிவிட்டார், அணியாதவர் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

சின்னத்தைக் காப்பதில் காட்டும் பதற்றத்தை, சின்னம் குறிக்கும் பதவியைக் காப்பதில் அரசு காட்டியதில்லை என்பது என் குற்றச்சாட்டு. ஏழாவது ஊதியக் குழுவில் ராணுவப் பணிச் சம்பளம் அதிகாரிகளுக்கு மாதம் 15,500 ரூபாய். ஜேசிஓவுக்கு 5,200, நேற்றுச் சேர்ந்த சிப்பாய்க்கும் அதே 5,200. ஜேசிஓக்களுக்கும் கடற்படை, விமானப்படையில் அவர்களுக்கு நிகரானவர்களுக்கும் இதை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை 2018 டிசம்பரில் நிராகரிக்கப்பட்டது. அது தொட்டது ஏறத்தாழ 1.12 லட்சம் பேரை. அவர்களில் 87,646 பேர் தரைப்படை ஜேசிஓக்கள். இன்னொருபுறம் 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரிகேடியர், அதற்கு மேற்பட்டோர் அனைவருக்கும் ஒரே மாதிரித் தொப்பி, தோள்சின்னம், இடைவார், காலணி என்று முடிவானது. அதே ஆண்டு கடைசியில் கடற்படை அட்மிரல்களின் தோள்பட்டைகள் சிவாஜியின் முத்திரையை ஒட்டி மாற்றப்பட்டன. மேல்தட்டில் சின்னத்துக்கு இவ்வளவு சிந்தனை செலவாகும்போது, கீழே நாடாவைத் தைத்துக்கொள்பவரின் சம்பளக் கோரிக்கை நிதி அமைச்சகத்தில் நின்றுபோகிறது.

கோபிநாத் பஜாரில் கடைக்காரரைத் துரத்துவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பணியில் உள்ளவருக்கும் அவரே கதி. செய்ய வேண்டியது 21-ஆம் பிரிவை உரிமையாளர்கள் மேல் பிரயோகிப்பது. காவல் நிறுவன உரிமம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் சீருடையின் படத்தைக் கேட்டு வாங்கினாலே பாதி நட்சத்திரங்கள் உதிர்ந்துவிடும்.

படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலூர், திருவண்ணாமலை, குமரிப் பக்கத்து வீடுகளில் தாத்தாவின் பேட்ஜ் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். அதைத் துலக்கிப் புதிதாக்க வேண்டாம், இணையத்தில் விலை பேசவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, படைப்பிரிவின் பெயர், சேவை எண் ஆகியவற்றோடு சேர்த்து ஒரே உறையில் வையுங்கள். காகிதம் இல்லாத பேட்ஜை எந்த அருங்காட்சியகத்தாலும் உங்கள் தாத்தாவுடையது என்று சொல்ல முடியாது.